போன்ல யாரோ உக்காந்திருக்காங்களா? அறிகுறிய வச்சு உளவு ஆப்ப கண்டுபிடிச்சு எடுக்குற வழி

வாரத்துக்கு ரெண்டு மூணு பேராவது என் செல்போன் கடைக்கு வந்து, பக்கத்துல நிக்கிற கஸ்டமருக்கு கேக்காத மாதிரி குரலத் தாழ்த்தி "தம்பி, என் போன யாரோ ஹேக் பண்ணிட்டாங்க போலருக்கு"ன்னு சொல்றாங்க. வாங்கிப் பாத்தா முக்கால்வாசி பேருக்கு அது உளவு ஆப்பே கிடையாது, குரோம்ல எப்பவோ "அலோ" கொடுத்த ஒரு வெப்சைட்டு நோட்டிபிகேஷனா தள்ளிக்கிட்டு இருக்கும், இல்லன்னா பேட்டரி உப்பியிருக்கும். மிச்சம் இருக்குறவங்களுக்கு நெசமாவே இருக்கும், ஆனா எவனோ ஒருத்தன் இருட்டு ரூம்ல உக்காந்து பூட்ட உடைச்சு வந்ததா இருக்காது, இவங்களே ஒரு ஃபைல தொட்டு நாலு தடவ "அலோ, அலோ"ன்னு கொடுத்து உள்ள கூப்ட்டு பாய் விரிச்சு உக்கார வச்சதா இருக்கும். அதனால நான் ஆன்டிவைரஸ் ஸ்கேன்ல ஆரம்பிக்கிறதே இல்ல, எந்த ஆப்புக்கு என்ன பர்மிஷன் போயிருக்குன்னு பாக்குறதுல தான் ஆரம்பிப்பேன், பெரும்பாலும் அங்கயே ஆள் சிக்கிடும்.

கீழ அறிகுறி வாரியா எழுதியிருக்கேன், உங்க பிரச்சனை எதுவோ அத மட்டும் படிச்சா போதும். ஒவ்வொரு கம்பெனி போன்லயும் மெனு ஒவ்வொரு இடத்துல ஒளிச்சு வச்சிருப்பான், தேடி அலையாதீங்க, செட்டிங்ஸ் மேல ஒரு சர்ச் பாக்ஸ் இருக்கும், அதுல நான் சொல்ற பேர அடிங்க, வந்துடும். பணம் போயிருந்தா மட்டும் வேற எதையும் படிக்காம "ஓடிபி"ன்னு போட்டிருக்குற பகுதிக்கு நேரா போயிடுங்க.

போன சும்மா வச்சிருந்தாலே முழு ஸ்கிரீனுக்கு விளம்பரம் வருது

இதுல ரெண்டு வகை இருக்கு, மொதல்ல எதுன்னு பிரிச்சுக்கோங்க. மேல நோட்டிபிகேஷன் பார்ல "உங்க போன்ல 13 வைரஸ், உடனே க்ளீன் பண்ணவும்"னு செவப்பு கலர்ல வந்தா அது ஆப் இல்ல, வெப்சைட்டு. அந்த நோட்டிபிகேஷன அழுத்திப் புடிச்சா எந்த சைட்டுன்னு பேரோட காட்டும், அங்கயே ஆஃப் பண்ணிடலாம். குரோம் செட்டிங்ஸ்ல "நோட்டிபிகேஷன்ஸ்" உள்ள போனீங்கன்னா நீங்க அலோ கொடுத்த மொத்த சைட்டும் வரிசையா நிக்கும், படம் டவுன்லோட் பண்ணப் போன இடம், கிரிக்கெட் ஓசியில பாக்கப் போன இடம்னு உங்க வண்டவாளம் மொத்தமும் அங்க இருக்கும், எல்லாத்தையும் தூக்குங்க. அந்த "13 வைரஸ்" மெசேஜ தொட்டு அது சொல்ற க்ளீனர போட்டீங்கன்னா தான் அதுக்கப்புறம் நெசமான பிரச்சனை ஆரம்பிக்கும்.

ரெண்டாவது வகை, ஹோம் ஸ்கிரீன்ல நிக்கும்போதே, போன் அன்லாக் பண்ணின உடனே முழுசா விளம்பரம் வந்து நிக்கிறது. இது ஏதோ ஒரு ஆப்போட வேல, எதுன்னு கண்டுபிடிக்கிறதுக்கு ஒரு சின்ன வித்தை இருக்கு, விளம்பரம் வந்த உடனே அத மூடாதீங்க, ரீசன்ட் ஆப்ஸ் பட்டன அழுத்துங்க, அந்த விளம்பரம் எந்த ஆப் பேர்ல நிக்குதுன்னு அங்க ஐகானோட காட்டிடும். சில கேடிங்க ஐகானே இல்லாம வெள்ளையா நிக்கும், அப்ப அத அழுத்திப் புடிச்சு "ஆப் இன்ஃபோ" போங்க. டார்ச் லைட், கியூஆர் ஸ்கேனர், போட்டோ அழகாக்குற ஆப், பேட்டரி சேவர், இந்த நாலு ஜாதியில ஒண்ணா தான் பெரும்பாலும் இருக்கும். அப்புறம் "டிஸ்ப்ளே ஓவர் அதர் ஆப்ஸ்"னு செட்டிங்ஸ்ல தேடி அங்க யார் யாருக்கு அனுமதி இருக்குன்னு பாத்து, தெரியாதவங்கள எல்லாம் எறக்கி விடுங்க.

இந்த வகை தொல்லை ஒண்ணும் புதுசு இல்ல. பிரவுசிங் சென்டர் காலத்துல கம்ப்யூட்டர் ஸ்கிரீன்ல ஊதா கலர் கொரில்லா ஒண்ணு குதிச்சு ஜோக் சொல்லும், பாட்டு பாடும், பான்ஸி பட்டின்னு பேரு, பசங்க ஆசையா வச்சிருப்பாங்க, பின்னாடி பாத்தா பிரவுசரோட ஹோம் பேஜ மாத்திட்டு விளம்பரத்த தள்ளிக்கிட்டு இருந்துச்சு, கடைசில அந்த கம்பெனிக்கு குழந்தைங்க தகவல பெத்தவங்க அனுமதி இல்லாம வாங்கினதுக்காக அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன் 2004ல 75,000 டாலர் அபராதம் போட்டுச்சு. இப்ப கொரில்லா போய் டார்ச் லைட் வந்திருக்கு, அவ்வளவு தான் வித்தியாசம்.

நான் அனுப்பாத மெசேஜ் என் வாட்ஸ்அப்ல இருந்து எல்லாருக்கும் போகுது, ஓடிபி வரவே இல்ல, இல்ல கேக்காமலே வருது

இது தான் இருக்குறதுலயே ஆபத்து, மொதல்ல செய்ய வேண்டியத மொதல்ல சொல்லிடறேன். போன ஃபிளைட் மோட்ல போடுங்க, வைஃபையும் ஆஃப் ஆயிருக்கான்னு பாருங்க. வேற ஒருத்தர் போன்ல இருந்து பேங்க்குக்கு கூப்ட்டு யூபிஐ, நெட் பேங்கிங், கார்டு மூணையும் பிளாக் பண்ணச் சொல்லுங்க, பேங்க் நம்பர கூகுள்ல தேடாதீங்க, ஏடிஎம் கார்டு பின்னாடி அச்சடிச்சிருக்கும். பணம் போயிருந்தா 1930க்கு அடிங்க, நேஷனல் சைபர்கிரைம் ஹெல்ப்லைன், முன்னாடி 155260ன்னு இருந்துச்சு, இப்ப 1930. சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்ல கம்ப்ளைன்ட்டும் போடலாம். இதுல எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுறீங்களோ அவ்வளவு நல்லது, பணம் அவன் அக்கவுண்ட்ல இருந்து அடுத்தடுத்த அக்கவுண்டுக்கு தாவுறதுக்குள்ள நிறுத்தி வைக்கிறதுக்கு தான் அந்த ஏற்பாடு. "சாயங்காலம் பையன் வந்ததும் பாத்துக்கலாம்"னு உக்காந்திருந்தவங்க தான் கடைசில என்கிட்ட வந்து அழுதிருக்காங்க.

இது எப்படி உள்ள வருதுன்னு ஒரு கேஸ்ல காட்டுறேன். ஒரு ரிட்டையர்டு வாத்தியார், பழக்கமானவர் தான், அவருக்கு வாட்ஸ்அப்ல சொந்தக்காரர் நம்பர்ல இருந்தே கல்யாணப் பத்திரிக்கை வந்திருக்கு. ஆடி மாசமா இருந்தா கூட பரவால்ல, நல்ல முகூர்த்த மாசம், தெனம் நாலு பத்திரிக்கை வர்ற நேரம், அதனால சந்தேகமே வரல. ஃபைல் பேர் கடைசில ".ஏபிகே"ன்னு இருந்திருக்கு, அப்படி முடிஞ்சா அது பத்திரிக்கை இல்ல, ஆண்ட்ராய்டு ஆப்ப இன்ஸ்டால் பண்ற ஃபைல், அவர் எங்க கண்டாரு. தொட்டதும் "இந்த சோர்ஸ்ல இருந்து இன்ஸ்டால் பண்ண அனுமதி இல்ல"ன்னு போன் தடுத்திருக்கு, பத்திரிக்கை தெறக்க மாட்டேங்குதேன்னு இவரே செட்டிங்ஸ் போய் அனுமதி கொடுத்திருக்காரு. தெறந்ததும் "அப்டேட் தேவை"ன்னு ஒரு பட்டன், அதயும் அழுத்தியாச்சு, அங்க தான் ரெண்டாவது ஆப் ஒண்ணு சத்தமில்லாம எறங்குது. அது எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்டிருக்கு, கொடுத்திருக்காரு. அப்புறம் ஸ்கிரீன் வெள்ளையா நின்னுச்சு, பத்திரிக்கை வரல, "என்ன எழவோ"ன்னு போன வச்சுட்டு சாப்பிடப் போயிட்டாரு. ஐகானும் காணாமப் போயிடுச்சு, அதனால மறந்தே போயிட்டாரு.

அந்த ஆப்புக்கு வேல ஒண்ணே ஒண்ணு தான், வர்ற எஸ்எம்எஸ் மொத்தத்தையும் அவனுக்கு அனுப்பிக்கிட்டே இருக்குறது. அவன் இவர் நம்பர போட்டு அவன் போன்ல வாட்ஸ்அப் ஆரம்பிக்கிறான், 6 இலக்க கோடு இவர் போனுக்கு வருது, இவர் பாக்குறதுக்கு முன்ன அவன் பாத்துடறான், வாட்ஸ்அப் அவன் கைக்கு போயிடுச்சு, இப்ப இவர் பேர்ல அதே பத்திரிக்கை இவர் இருக்குற அத்தன குரூப்புக்கும் போகுது. சொந்தக்காரர் நம்பர்ல இருந்து வந்தது இப்படித் தான். பேங்க் ஓடிபியும் இதே வழி தான். பத்திரிக்கை மட்டும் இல்ல, டிராபிக் அபராதம், கரண்டு பில் பாக்கி, பேங்க் கேஒய்சி, பிஎம் கிசான்னு சீசனுக்கு ஒரு வேஷம் போடுவானுங்க, கடைசில ஏபிகேங்கறது மட்டும் மாறாது.

எடுக்குறது எப்படின்னா, செட்டிங்ஸ்ல "பர்மிஷன் மேனேஜர்" தேடுங்க, அதுல எஸ்எம்எஸ் உள்ள போங்க, யாருக்கெல்லாம் அனுமதி இருக்குன்னு வரும். மெசேஜ் ஆப், போன் ஆப், யூபிஐ ஆப், பேங்க் ஆப் இதெல்லாம் இருக்கலாம், இதுல பத்திரிக்கைக்கு என்ன வேல? வெறும் பேரோ, பேரே இல்லாமலோ, இல்ல "கூகுள் சர்வீஸ்" மாதிரி நல்ல பேர் வச்சுக்கிட்டோ ஒண்ணு நின்னா அத தொட்டு ஆப் இன்ஃபோ போய் அடி வரைக்கும் எறங்குங்க. பிளே ஸ்டோர்ல இருந்து வந்த ஆப்னா பெரும்பாலும் அங்க அப்படின்னு எழுதியிருக்கும், இல்லன்னா சந்தேகப்படுங்க. அப்படியே "டீஃபால்ட் ஆப்ஸ்"ல எஸ்எம்எஸ் ஆப் எதுன்னு பாத்துடுங்க, "நோட்டிபிகேஷன் ஆக்சஸ்"ம் பாருங்க, எஸ்எம்எஸ் அனுமதி இல்லாட்டாலும் நோட்டிபிகேஷன் வழியா ஓடிபிய படிக்கிறவன் இருக்கான்.

வாட்ஸ்அப்ப திரும்ப வாங்கணும்னா அந்த திருட்டு ஆப்ப மொதல்ல எடுத்துட்டு அப்புறம் உங்க நம்பர போட்டு மறுபடி லாகின் பண்ணுங்க, கோடு வரும், போட்டதும் அவன் வெளிய போயிடுவான். அவன் முந்திக்கிட்டு டூ ஸ்டெப் பின் போட்டிருந்தா 7 நாள் காத்திருக்கணும், அதுக்கு குறுக்கு வழி எதுவும் இல்ல, காசு வாங்கிட்டு உடனே எடுத்துத் தர்றேன்னு சொல்றவன் இன்னொரு திருடன். இதுவரைக்கும் ஒண்ணும் ஆகாதவங்க அந்த டூ ஸ்டெப் பின்ன இன்னிக்கே போட்டு வச்சுக்கோங்க.

ஓடிபி வரலன்னு சொல்றவங்க இன்னும் ரெண்டு எடம் பாக்கணும். ஒண்ணு கால் ஃபார்வேர்டிங், எஸ்எம்எஸ் இதுல போகாது, ஆனா கால்ல சொல்ற ஓடிபி வேற நம்பருக்கு போயிடும், போன் ஆப் செட்டிங்ஸ்ல இருக்கும், தெரியாத நம்பர் அங்க இருந்தா எடுத்துடுங்க. கொரியர்காரன்னு சொல்லிட்டு "*401* அடிச்சு இந்த நம்பர போடுங்க"ன்னு சொல்லி இத பண்ண வச்சானுங்க, அதனாலயே 2024 ஏப்ரல் 15ல இருந்து அந்த மாதிரி நம்பர் அடிச்சு ஃபார்வேர்டு பண்றத நிறுத்தச் சொல்லி தொலைத்தொடர்பு துறை கம்பெனிகளுக்கு உத்தரவு போட்டுச்சு. இன்னொண்ணு, திடீர்னு டவரே இல்லாம "நோ சர்வீஸ்"னு மணிக்கணக்கா நின்னா, பக்கத்துல அதே கம்பெனி சிம் வச்சிருக்குறவங்களுக்கு டவர் இருந்தா, அது உளவு ஆப் இல்ல, உங்க பேர்ல யாரோ டூப்ளிகேட் சிம் வாங்கியிருக்கலாம், உடனே சிம் கம்பெனிக்கும் பேங்க்குக்கும் சொல்லுங்க.

பேங்க்ல பேசும்போது ஒண்ணு தெரிஞ்சு வச்சுக்கிட்டு பேசுங்க. ரிசர்வ் பேங்க் 2017ல போட்ட சுத்தறிக்கைப்படி உங்க தப்பும் பேங்க் தப்பும் இல்லாம போன பணத்த 3 வேலை நாளுக்குள்ள சொல்லிட்டா உங்க தலையில கட்ட முடியாது. நீங்களே ஓடிபி, பின் சொல்லிக் கொடுத்திருந்தா, பேங்க்ல சொல்ற வரைக்கும் போனது உங்க நஷ்டம், சொன்னதுக்கு அப்புறம் போனா பேங்க்கோட நஷ்டம். அதனால கூப்ட்ட நேரத்தயும் கம்ப்ளைன்ட் நம்பரயும் ஒரு பேப்பர்ல எழுதி வைங்க.

ஆப் தெரியுது, அன்இன்ஸ்டால் பட்டன் மங்கலா இருக்கு, இல்ல அழுத்தினா தானா வெளிய வந்துடுது

மங்கலா இருந்தா அது தனக்குத் தானே அட்மின் பதவி வாங்கி வச்சிருக்கு. "டிவைஸ் அட்மின் ஆப்ஸ்" தேடிப் போய் அதுக்கு எதிர்ல இருக்குறத எடுத்து விடுங்க, பட்டன் உயிரோட வந்துடும். அழுத்த அழுத்த ஸ்கிரீன் தானா பின்னாடி வந்துட்டா அது ஆக்சசிபிலிட்டி அனுமதி வாங்கியிருக்குன்னு அர்த்தம். போன் தமிழ்ல வச்சிருந்தா அணுகல்தன்மைன்னோ மாற்றுத்திறன் வசதின்னோ இருக்கும். கண் தெரியாதவங்களுக்கு ஸ்கிரீன்ல இருக்குறத படிச்சுக் காட்டவும் அவங்களுக்கு பதிலா பட்டன அழுத்தவும் வச்ச நல்ல வசதி அது, அதயே தான் திருடனும் கேக்குறான், ஏன்னா அத கொடுத்துட்டா நீங்க அடிக்கிறத படிக்கலாம், நீங்க தூங்கும்போது அவனே அழுத்தலாம். ஆண்ட்ராய்டு 13ல இருந்து வெளிய இருந்து போட்ட ஆப்புக்கு இத லேசுல கொடுக்க முடியாம கூகுள் தடுத்து வச்சிருக்கு, அதுக்கும் அவனுங்க "மேல மூணு புள்ளிய தொட்டு அலோ ரெஸ்ட்ரிக்டட் செட்டிங்ஸ் கொடுங்க சார்"னு போன்லயே பாடம் எடுக்குறானுங்க. யாராவது அந்த வார்த்தைய சொன்னா போன கட் பண்ணிடுங்க.

இப்படி மல்லுக்கு நிக்கிற ஆப்புக்கு சேஃப் மோட் தான் மருந்து. பவர் பட்டன் அழுத்தினா வர்ற மெனுவுல "பவர் ஆஃப்"ங்கறத அழுத்திப் புடிச்சீங்கன்னா நெறைய போன்ல சேஃப் மோட் கேக்கும், ஓகே கொடுத்தா நீங்க போட்ட ஆப் எதுவும் ஓடாம போன் தெறக்கும், அப்ப பொறுமையா அட்மின எடுத்துட்டு அன்இன்ஸ்டால் பண்ணுங்க. அப்பவும் போகலன்னா ஃபேக்டரி ரீசெட் தான், யோசிக்காதீங்க, போட்டோவ மட்டும் காப்பி எடுத்துக்கோங்க, ஆப்ப காப்பி எடுக்காதீங்க.

நான் எங்க போறேன், யாருக்கு மெசேஜ் பண்றேன்னு வீட்ல ஒருத்தருக்கு தெரிஞ்சுடுது

இத கேக்கும்போது எனக்கு கொஞ்சம் நடுக்கம் வரும், ஏன்னா இதுக்கு டெக்னிக்கல் பதில் பாதி தான். ஒரு அக்கா வந்தாங்க, கோயிலுக்கு போனா எந்தக் கோயில்னு வீட்டுக்காரருக்கு தெரியுது, போன்ல ஏதோ போட்டிருக்காருன்னு. ஆப் லிஸ்ட் மொத்தமும் பாத்தேன், ஒண்ணுமே இல்ல. அப்புறம் கூகுள் மேப்ஸ் தெறந்து போட்டோவ தொட்டு "லொகேஷன் ஷேரிங்" உள்ள போனா அங்க அவர் பேர் சிரிச்சுக்கிட்டு நிக்குது, நிறுத்துற வரைக்கும் காட்டுன்னு போட்டிருக்கு. ஆப்பே போடல, அவங்க கூகுள் மேப்ஸயே உளவாளி ஆக்கிட்டாரு.

அதனால இந்த வரிசையில பாருங்க. வாட்ஸ்அப்ல "லிங்க்டு டிவைசஸ்", ஒரு நம்பர இன்னும் 4 இடத்துல தெறந்து வைக்கலாம், உங்களோடது இல்லாதத லாக் அவுட் பண்ணுங்க. (ஜெராக்ஸ் கடையில ஆதார் பிரின்ட் எடுக்க வாட்ஸ்அப் வெப் தெறந்துட்டு அப்படியே வந்தவங்களும் இங்க தான் மாட்டிக்குவாங்க, ஒரு காலேஜ் பொண்ணோட மொத்த சாட்டும் ஒரு கடை கம்ப்யூட்டர்ல ரெண்டு வாரமா தெறந்தே கெடந்துச்சு.) அடுத்து கூகுள் அக்கவுன்ட்ல செக்யூரிட்டி, "யுவர் டிவைசஸ்", உங்க ஜிமெயில் வேற எந்த போன்ல கெடக்குதுன்னு வரும். ஜிமெயில் பாஸ்வேர்ட் தெரிஞ்சவங்களுக்கு போன் எங்க இருக்குன்னு பாக்க வேற எந்த ஆப்பும் வேணாம். ஐபோன் வச்சிருக்குறவங்களுக்கு இதே வேலைய ஆப்பிள் அக்கவுண்ட் (முன்னாடி ஆப்பிள் ஐடின்னு பேரு) செய்யும்.

இதெல்லாம் சுத்தமா இருந்தும் சந்தேகம் போகலன்னா தான் உளவு ஆப். அத போடணும்னா உங்க போன் ஒரு பத்து நிமிஷமாவது அன்லாக் ஆகி அவங்க கையில இருந்திருக்கணும், தூரத்துல இருந்து சும்மா போட முடியாது. "சிஸ்டம் சர்வீஸ்", "வைஃபை", "சிங்க்"னு பேர் வச்சுக்கிட்டு அட்மின், ஆக்சசிபிலிட்டி, நோட்டிபிகேஷன், லொகேஷன் எல்லாத்தையும் வாங்கி வச்சிருக்கும். பிளே ஸ்டோர்ல உங்க போட்டோவ தொட்டு "பிளே புரொடெக்ட்" பாருங்க, நீங்க ஆஃப் பண்ணாம அது ஆஃப்ல இருந்தா யாரோ கை வச்சிருக்காங்க.

கண்டுபிடிச்ச உடனே அன்இன்ஸ்டால் பண்ணிடாதீங்க. எடுத்த நிமிஷமே போட்டவருக்கு தெரிஞ்சுடும், அடிக்கிற ஆளா இருந்தா அன்னிக்கு ராத்திரி என்ன நடக்கும்னு நீங்க தான் யோசிக்கணும். இன்னொரு போன்ல அத போட்டோ எடுத்து வைங்க, நம்பிக்கையான ஒருத்தர் கிட்ட சொல்லுங்க, பெண்களுக்கு 181 இருக்கு, அந்த போன்ல இருந்து கூப்பிடாம வேற போன்ல கூப்பிடுங்க. புருஷனே ஆனாலும் அனுமதி இல்லாம அடுத்தவங்க போன்ல இத போடுறது ஐடி சட்டம் 43, 66 பிரிவுல வரும், 3 வருஷம் வரைக்கும் ஜெயில், 5 லட்சம் வரைக்கும் அபராதம். "என் பொண்டாட்டி போன்ல போட்டுக் கொடு"ன்னு என்கிட்டயே கேட்டு வந்தவங்க உண்டு, பூட்டுக்கடைக்காரன் கிட்ட போய் பக்கத்து வீட்டு சாவி கேக்குற மாதிரி இருக்கும்.

கடன் ஆப் போட்டேன், இப்ப என் கான்டாக்ட்ல இருக்குற எல்லாருக்கும் கூப்பிடுறான்

ஆப்ப எடுத்தாலும் இது நிக்காது, ஏன்னா கான்டாக்ட்டும் போட்டோவும் அன்னிக்கே அவன்கிட்ட போயிடுச்சு. இருந்தாலும் எடுங்க, புதுசா போறதாவது நிக்கும். ரிசர்வ் பேங்க் 2022 செப்டம்பர்ல மொதல்ல கொண்டு வந்த டிஜிட்டல் கடன் விதிப்படி கடன் ஆப் உங்க கான்டாக்ட், கால் லிஸ்ட், ஃபைல் எதையும் தொடவே கூடாது, கேஒய்சிக்காக ஒரு தடவ கேமரா, மைக், லொகேஷன் மட்டும் உங்க சம்மதத்தோட கேக்கலாம். அப்ப கான்டாக்ட் கேக்குற கடன் ஆப் எதுவா இருந்தாலும் அந்த நிமிஷமே திருட்டுன்னு முடிவு பண்ணிக்கலாம். உங்க முகத்த வெட்டி ஒட்டி மார்ஃபிங் போட்டோ அனுப்பினா காசு அனுப்பாதீங்க, அனுப்ப அனுப்ப ரேட்டு ஏறும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து 1930, சைபர் கிரைம் போர்ட்டல், அவ்வளவு தான். கூப்பிடப் போற சொந்தக்காரங்களுக்கு நீங்களே முந்திக்கிட்டு ஒரு மெசேஜ் போட்டுடுங்க, மானம் பாதி தப்பும்.

மிக்ஸி வாங்கணும்னு வாயால தான் பேசினோம், உடனே மிக்ஸி விளம்பரம் வருது

எல்லாரும் கேக்குறது. மைக் ஒட்டுக்கேக்குதுன்னு நினைக்கிறாங்க. 2018ல அமெரிக்காவுல நார்த்ஈஸ்டர்ன் யூனிவர்சிட்டிக்காரங்க 17,000க்கும் மேல ஆண்ட்ராய்டு ஆப்ப சோதிச்சாங்க, மைக்க ரகசியமா ஆன் பண்ணி அனுப்புற ஒண்ணும் சிக்கல, ஆனா சில ஆப் ஸ்கிரீன்ல நடக்குறத வீடியோவா எடுத்து மூணாவது கம்பெனிக்கு அனுப்பினது சிக்குச்சு. மிக்ஸி விளம்பரம் எப்படி வருதுன்னா, ஒரே வைஃபைல இருக்குற உங்க வீட்டம்மா நேத்து தேடியிருப்பாங்க, இல்ல நீங்க கடையில பத்து நிமிஷம் நின்னது லொகேஷன்ல பதிஞ்சிருக்கும். மைக் பயம் இருந்தா ஸ்கிரீன் மேல வலது மூலையில பாருங்க, ஆண்ட்ராய்டு 12ல இருந்து கேமராவோ மைக்கோ ஓடினா பச்ச கலர் காட்டும், ஐபோன்ல மைக்குக்கு ஆரஞ்சு, கேமராவுக்கு பச்ச. நீங்க பேசாத நேரத்துல எரிஞ்சா நோட்டிபிகேஷன் பார எறக்கி அத தொடுங்க, யார்னு பேர் சொல்லும்.

போன் சுடுது, சார்ஜ் நிக்கல, டேட்டா சாயங்காலமே தீந்துடுது

பெரும்பாலும் பேட்டரி வயசு, இல்ல போட்டோ பேக்கப். டேட்டா யூசேஜ்ல போய் எந்த ஆப் எவ்வளவு இழுத்திருக்குன்னு பாருங்க, வீடியோ ஆப் மேல நின்னா அது உங்க வேல தான். கால்குலேட்டர் ஜிபி கணக்குல இழுத்திருந்தா மட்டும் என்கிட்ட வாங்க. இன்னொண்ணு, கலர் கலரா மாத்தின வாட்ஸ்அப் வச்சிருக்கீங்களான்னு பாருங்க, டெலிட் பண்ணின மெசேஜ் தெரியும்னு ஆசைப்பட்டு போடுறது. அந்த மாதிரி எஃப்எம் வாட்ஸ்அப் ஒண்ணுல டிரையாடாங்கற டிரோஜன், அதாவது நல்ல ஆப்புக்குள்ள ஒளிஞ்சு வர்ற திருட்டு புரோகிராம், ஒட்டிக்கிட்டு வந்தத 2021ல காஸ்பர்ஸ்கிங்கற ஆன்டிவைரஸ் கம்பெனி கண்டுபிடிச்சு சொன்னாங்க.

கம்ப்யூட்டர்ல முழு ஸ்கிரீனும் செவப்பாகி "இந்த நம்பருக்கு கூப்பிடவும்"னு சத்தம் போடுது

கூப்பிடாதீங்க. அது வைரஸே இல்ல, பிரவுசர்ல தெறந்த ஒரு பக்கம், அவ்வளவு தான். எஸ்கேப் கீய அழுத்திப் புடிங்க, இல்ல ஆல்ட் எஃப்4. மைக்ரோசாஃப்ட் தன்னோட எரர் மெசேஜ்ல போன் நம்பர் போடுறதே கிடையாது, இது ஒண்ண ஞாபகம் வச்சாலே போதும். நம்பருக்கு கூப்ட்டு, அவன் சொன்ன ஸ்கிரீன் ஷேர் ஆப்பயும் போட்டுட்டீங்கன்னா நெட் வயர புடுங்குங்க, அப்புறம் மேல சொன்ன பேங்க் வேல மொத்தமும்.

நெசமான ஆபத்து சத்தமே போடாது. கிராக் பண்ணின சாஃப்ட்வேர், விண்டோஸ் ஆக்டிவேட்டர் இதுங்க கூட வர்ற ஸ்டீலர், ஓடினது ஒரு நிமிஷமா இருந்தாலும் பிரவுசர்ல சேவ் பண்ணின பாஸ்வேர்டு, லாகின் ஆயிருக்குற குக்கீ (மறுபடி பாஸ்வேர்டு கேக்காம இருக்க பிரவுசர் வச்சிருக்குற அடையாளச் சீட்டு) எல்லாத்தையும் அள்ளிட்டு போயிடும். ரெட்லைன்னு ஒண்ணு ரொம்ப நாள் ஆட்டம் போட்டு 2024 அக்டோபர்ல நெதர்லாந்து போலீஸ் தலைமையில பல நாட்டு போலீஸ் சேந்து அதோட சர்வர புடிச்சாங்க, அதே வேல செய்ய வேற இருக்கு. குக்கீ போயிட்டா ஓடிபி வச்சிருந்தும் பிரயோஜனம் இல்ல, அதனால பாஸ்வேர்டு மாத்தினா மட்டும் பத்தாது, "எல்லா டிவைஸ்லயும் சைன் அவுட்" கொடுக்கணும். விண்டோஸ் செக்யூரிட்டில "டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன்" இருக்கு, ரீஸ்டார்ட் ஆகி ஒரு கால் மணி நேரம் ஓடும், அத ஓட்டுங்க. இந்த வேலைய முடிக்காம அதே கம்ப்யூட்டர்ல உக்காந்து பாஸ்வேர்டு மாத்தினா புது பாஸ்வேர்டையும் கையில கொடுத்த கதை தான்.

எனக்கு பெகாசஸ் வந்திருக்குமோ?

இருக்காது. இஸ்ரேல்ல என்எஸ்ஓ கம்பெனி அரசாங்கங்களுக்கு மட்டும் விக்கிறதா சொல்ற உளவு சாஃப்ட்வேர் அது, 2019ல வாட்ஸ்அப் ஓட்ட வழியா சுமார் 1,400 பேர் போனுக்கு குறி வச்சாங்கன்னு வாட்ஸ்அப்பே கேஸ் போட்டுச்சு, தொடவே வேணாம், மிஸ்டு கால் வந்தாலே போதும். பத்திரிக்கைக்காரர், வக்கீல், போராட்டம் நடத்துறவர்னா கவலைப்படுறதுல நியாயம் இருக்கு, ஐபோன்ல "லாக்டவுன் மோட்" 2022ல அதுக்குன்னே வந்தது, போட்டுக்கோங்க, அதுக்கு மேல என் கடையில பாக்குற விஷயம் இல்ல. மத்தவங்களுக்கு பெகாசஸ் பாக்கியம் கிடையாது, நமக்கு கல்யாணப் பத்திரிக்கை தான்.

எடுத்தாச்சு, அப்புறம்?

சுத்தமான வேற போன்ல இருந்து மொதல்ல ஜிமெயில் பாஸ்வேர்ட மாத்துங்க, ஏன்னா மத்த எல்லா பாஸ்வேர்டையும் ரீசெட் பண்ற சாவி அங்க தான் இருக்கு. அப்புறம் பேங்க், யூபிஐ பின், கடைசில ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் எல்லாம். "இன்ஸ்டால் அன்நோன் ஆப்ஸ்"ல வாட்ஸ்அப், குரோம், ஃபைல் மேனேஜர் எல்லாத்துக்கும் அனுமதிய எடுத்து விடுங்க, வயசானவங்க போன்ல நான் கேக்காமலே பண்ணிடுவேன்.

வாத்தியார் போன ரீசெட் பண்ணி, வாட்ஸ்அப்ப திரும்ப வாங்கி, பின் போட்டு கொடுத்து அனுப்பினேன். நல்ல வேளையா அவர் அக்கவுண்ட்ல பென்ஷன் எடுத்தது போக பெருசா ஒண்ணும் இல்ல. மூணாம் நாள் கடைக்கு போன் பண்றாரு, "தம்பி, அதே பத்திரிக்கை இன்னொரு சார் நம்பர்ல இருந்து வந்திருக்கு, நான் தொடல. தொடாதீங்கன்னு அவருக்கும் வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜ் போட்டுடட்டுமா?"ன்னு. வாட்ஸ்அப்ல வேணாம் சார், நேரா அவர் நம்பருக்கு கூப்ட்டு பேசுங்க, அவர் வாட்ஸ்அப் இப்ப அவர் கையில இல்லன்னேன்.